ஒரே கூடு, நான்கு உள்பாகங்கள்: சுருட்டுப் பிரியர்களின் விமானப் பயணத்துக்கு ஜிப்போ

பென்சில்வேனியா மாநிலத்தின் பிராட்ஃபோர்டு நகரில் 1932-இல் தொடங்கப்பட்ட ஜிப்போ நிறுவனத்தின் லைட்டரை நான் வாங்கியதற்கு அதன் பழம்பெருமை காரணமன்று. அதன் உலோகக் கூட்டுக்குள் இருக்கும் உள்பாகத்தை விரலால் இழுத்து எடுத்துவிட்டு, அதே இடத்தில் வேறு வகை உள்பாகம் ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம் என்பதே காரணம். திரியும் பெட்ரோலிய எரிநெய்யும் கொண்ட பழைய வகை, மஞ்சள் சுடர் தரும் பியூட்டேன் வாயு வகை, நீலச் சுடர் பீய்ச்சும் டார்ச் வகை, மின்கலத்தால் இயங்கும் மின்பொறி வகை என்று நான்கையும் அந்நிறுவனமே விற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் நான்கும் ஒரே லைட்டர்தான். ஆனால் விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனையில் அவை ஒரே பொருளாக நடத்தப்படுவதில்லை. வீட்டில் சுருட்டுப் பற்றவைப்பதற்கு எது சிறந்தது என்பதைப் பலர் எழுதிவிட்டார்கள். நான் பார்க்க விரும்பியது, அமெரிக்காவுக்குள்ளும் அங்கிருந்து வெளிநாடுகளுக்கும் பறப்பவர் இவற்றில் எதை நம்பி வாங்கலாம் என்பதை.

சுருட்டுக்கு எது சிறந்தது என்று மட்டும் கேட்டால், தயக்கமின்றி டார்ச் என்பேன். சாதாரண லைட்டரில் வாயு வெளியே வந்த பிறகுதான் காற்றோடு கலந்து எரிகிறது. டார்ச்சிலோ பியூட்டேன் உள்ளேயே காற்றை இழுத்துக் கலந்துகொண்டு, அழுத்தத்தோடு வெளியேறி எரிவதால், ஊசிபோல் மெலிந்த, நேராக நிற்கும் சுடர் கிடைக்கிறது. கடற்கரைக் காற்றிலும் அது அணையாது. தடித்த சுருட்டின் நுனியை ஓரத்திலிருந்து நடுவரை சீராகப் பழுக்க வைக்க அதைவிட வசதியான கருவி இல்லை. எரிநெய்யின் வாடையும் புகையிலையில் ஏறாது. ஆனால் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு முகமையான டிஎஸ்ஏ, இந்தச் சுடர் சாதாரண லைட்டரின் சுடரைவிட அதிக வெப்பமும் கூர்மையும் கொண்டது, 2,500 டிகிரி ஃபாரன்ஹீட் வரை செல்லக்கூடியது என்று சொல்லி, டார்ச் லைட்டரைக் கைப்பையிலும் தடைசெய்கிறது, செக்-இன் பெட்டியிலும் தடைசெய்கிறது. சட்டைப் பையில் வைத்துக்கொள்வதற்கும் அனுமதி இல்லை. ஜெட் லைட்டர், நீலச்சுடர் லைட்டர், சிகார் லைட்டர் என்று கடைகளில் எந்தப் பெயரில் விற்றாலும் அது இந்தத் தடைக்குள் அடங்கும்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். இரட்டைச் சுடர் உள்பாகத்தை வாங்கிய கடையில், பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்றார்கள். நானும் சரிபார்க்காமல் நம்பி அப்படியே செய்தேன். ஊர் போய்ச் சேர்ந்து பெட்டியைத் திறந்தபோது, பெட்டி சோதிக்கப்பட்டது என்று தெரிவிக்கும் அச்சிட்ட தாள் துணிகளின் மேல் இருந்தது, உள்பாகம் இல்லை. சோதித்தவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் தங்கள் விதிப்படி நடந்தார்கள். விற்பவர்கள் தங்கள் பொருளுக்கு உரிய விதியைத் தெரிந்து சொல்ல வேண்டும் என்பதில் மட்டும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பயணிகள் கூடும் ஊர்களில் சுருட்டுக்கடை நடத்துபவர்களுக்கு அது இன்னும் பொருந்தும்.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் அதன் வடிவம் புரியும். 2001 டிசம்பர் 22 அன்று, பாரிஸிலிருந்து மயாமிக்குச் சென்ற விமானத்தில் ரிச்சர்ட் ரீட் என்பவர் காலணிக்குள் மறைத்துவைத்த வெடிபொருளின் திரியைத் தீக்குச்சியால் பற்றவைக்க முயன்றார். சக பயணிகளும் விமானப் பணியாளர்களும் அவரை மடக்கிப் பிடித்தார்கள். அதன் பிறகு 2004-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் வழியே, 2005 ஏப்ரல் 14 முதல் எல்லா வகை லைட்டர்களும் விமானத்தின் பயணிகள் பகுதியில் தடைசெய்யப்பட்டன. அந்த நாட்களில் ஒரு நாளைக்கு 22,000-க்கும் மேற்பட்ட லைட்டர்களைச் சோதனைச் சாவடிகளில் வாங்கி ஒதுக்க வேண்டியிருந்தது. அந்த உழைப்பை வெடிபொருள்களைத் தேடுவதில் செலுத்துவதே பயன் தரும் என்று முடிவெடுத்து, 2007 ஆகஸ்ட் 4 அன்று சாதாரண லைட்டர்களுக்கான தடையை நீக்கினார்கள். டார்ச்சுக்கான தடை மட்டும் அப்படியே நின்றது. சுருட்டுப் பிடிப்பவர்களில் பலர் 2007-இல் எல்லாம் தளர்ந்துவிட்டது என்றே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி, திரியும் எரிநெய்யும் கொண்ட பழைய உள்பாகம். இதன் அடிப்பகுதியில் இருக்கும் நமுதாவை, அதாவது தடித்த கம்பளித் துணித் துண்டை, விலக்கினால் உள்ளே பஞ்சு அடைத்திருப்பது தெரியும். ஊற்றும் எரிநெய் முழுவதையும் அந்தப் பஞ்சு உறிஞ்சிக்கொள்கிறது. பயணத்தைப் பொறுத்தவரை இந்தப் பஞ்சுதான் இதன் பெரிய பலம். ஐயாட்டா என்னும் பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதியின்படி, பயணி ஒருவர் தம் உடலோடு வைத்துக்கொள்ளக்கூடியது ஒரே ஒரு சிறிய லைட்டர். அதிலும் திரவமாக்கப்பட்ட வாயு இருக்கலாம், ஆனால் உறிஞ்சப்படாத திரவ எரிபொருள் இருக்கக்கூடாது. உள்ளே எரிநெய் தளும்பும்படி தொட்டி அமைந்த லைட்டர்கள் இந்த வரியில் அடிபட்டுப் போகின்றன. பஞ்சுள்ள ஜிப்போ தேறுகிறது. அமெரிக்காவில் எரிபொருள் உள்ள சாதாரண லைட்டர் ஒன்றைக் கைப்பையிலும் வைக்கலாம், சட்டைப் பையிலும் வைக்கலாம். ஐயாட்டா விதியோ உடலோடு மட்டுமே என்கிறது. பிரிட்டனில், திரவப் பொருள்களுக்குப் பயன்படுத்துவது போன்ற மூடக்கூடிய பிளாஸ்டிக் பையில் லைட்டரைப் போட்டு, பயணம் முடியும்வரை உங்களிடமே வைத்துக்கொள்ள வேண்டும். சோதனை முடிந்த பிறகு அதைக் கைப்பைக்குள் போட்டுவிடக்கூட அனுமதியில்லை. அதனால் எந்த நாட்டுக்குப் போனாலும் சிறு பிளாஸ்டிக் பையோடு சட்டைப் பையில் வைத்துக்கொள்வதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

சுருட்டுக்கு இந்தப் பழைய உள்பாகம் எப்படி என்றால், நடுத்தரம் என்பேன். காற்றுத் தடுப்புக் குழாய் நன்றாக வேலை செய்கிறது. சுடரின் முதல் சில நொடிகளில் வரும் எரிநெய் வாடைதான் குறை. மூடியைத் திறந்து பற்றவைத்து, வாடை அடங்கும்வரை பொறுத்திருந்து, சுருட்டின் நுனியைச் சுடருக்குள் நுழைக்காமல் சற்று மேலே பிடித்துச் சுழற்றினால் பெரும்பாலும் சுவை கெடுவதில்லை. இலேசான சுவையுள்ள கனெக்டிகட் மேலிலைச் சுருட்டுகளில் மட்டும் அந்த வாடையை என்னால் முழுவதும் தவிர்க்க முடியவில்லை. இன்னொன்று, பயன்படுத்தாவிட்டாலும் எரிநெய் சில நாட்களில் ஆவியாகிவிடும். நீண்ட பயணத்தில் இது தொல்லை, ஏனெனில் எரிநெய்ப் புட்டியையும் பியூட்டேன் டப்பாவையும் கைப்பையிலோ செக்-இன் பெட்டியிலோ கொண்டுபோக முடியாது. சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளும் சின்ன எரிநெய்க் குப்பியும் எரிபொருள்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மின்பொறி உள்பாகத்தை மிகுந்த எதிர்பார்ப்போடு வாங்கினேன். வாயுவும் இல்லை, எரிநெய்யும் இல்லை, யுஎஸ்பி வடத்தில் மின்னூட்டினால் போதும் என்பதால் விமானத்துக்கு இதுவே ஏற்றது என்று நினைத்தேன். உள்ளே லித்தியம் மின்கலம் இருப்பதால் இதைச் செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது; கைப்பையிலோ உடலோடோதான் கொண்டுபோக வேண்டும், தானாக இயங்கிவிடாமல் தடுக்கும் பாதுகாப்பு ஏற்பாடு இருக்க வேண்டும், விமானத்துக்குள் மின்னூட்டக்கூடாது என்பது அமெரிக்க விமானத்துறையான எஃப்ஏஏவின் விதி. சரக்கறையில் லித்தியம் மின்கலம் தானே சூடேறத் தொடங்கினால் அங்கே ஆள் இல்லை. பயணிகள் பகுதியில் என்றால் உடனே கவனித்துத் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்க முடியும். நியாயமான விதி. குறை சுருட்டின் பக்கம் இருந்தது: இரண்டு மின்பொறிகளும் குறுக்கிடும் இடைவெளி சிகரெட்டின் அளவுக்குத்தான் சரியாக இருக்கிறது. ஐம்பது அளவு விட்டமுள்ள, அதாவது ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் தடிமனான சுருட்டின் நுனி அதற்குள் முழுவதும் இறங்காமல், ஓரங்கள் மட்டும் கருகி நடு பச்சையாக நின்றது. சுருட்டுக்காரர்கள் இதை வாங்க வேண்டாம்.

மஞ்சள் சுடர் தரும் பியூட்டேன் உள்பாகத்தைப் பற்றிக் கடைகளிலும் மதிப்புரைகளிலும் அதிகம் பேசுவதில்லை; பறக்கும் சுருட்டுப் பிரியருக்கு என் பரிந்துரை இதுதான். வாயு உள்ளே காற்றோடு கலப்பதில்லை. ஆகவே சுடர் மென்மையானது, விதியின் பார்வையில் இது கடையில் வாங்கும் சாதாரண லைட்டரோடு சேர்த்தி. பியூட்டேன் என்பதால் வாடை இல்லை, நாட்கணக்கில் வைத்திருந்தாலும் ஆவியாகிப் போவதும் இல்லை. வெட்டவெளிக் காற்றில் தடுமாறுகிறது என்பது உண்மையே. ஆனால் சுவரோரம் ஒதுங்கி நின்று பொறுமையாகப் பற்றவைத்தால் டார்ச்சைவிடச் சுவை நன்றாக அமைகிறது, ஏனெனில் நுனி கருகுவதில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு: இதையும் டார்ச் உள்பாகத்தையும் மேலோட்டமாகப் பார்ப்பவர் குழம்பக்கூடும். சோதனையில் கேட்டால் மஞ்சள் சுடர் வகை என்று நிதானமாகச் சொல்லுங்கள்; பொருளின் அட்டைப் பெட்டியையும் கையில் வைத்திருப்பது நல்லது.

செக்-இன் பெட்டியில் லைட்டர் வைத்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு அமெரிக்காவில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, சாதாரண லைட்டரை எரிபொருளே இல்லாமல் வைப்பது. எரிநெய் உள்பாகத்தை இரண்டு மூன்று நாட்கள் கூட்டுக்கு வெளியே உலர விட்ட பிறகே வையுங்கள், வாடை இருந்தால் காலி என்று யாரும் நம்பமாட்டார்கள். மற்றொன்று, போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் பெற்ற, காற்றுப் புகாத சிறு பெட்டியில் எரிபொருளுள்ள லைட்டர் இரண்டு வரை வைப்பது. வருடத்தில் ஓரிரு முறை மட்டும் பறப்பவருக்கு அந்தச் செலவு தேவையில்லை.

இந்தியாவுக்கு வருபவர்கள் இவ்வளவும் அமெரிக்க, பிரிட்டன் விதிகள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இந்திய விமான நிலையங்களின் சோதனையில் லைட்டரையும் தீப்பெட்டியையும் விடுவதில்லை. நியூயார்க்கிலிருந்து சட்டைப் பையில் வந்த ஜிப்போ, சென்னையிலிருந்து திரும்பும்போது கூடையில்தான் விழும். பாட்டனார் தந்த கூடு என்றால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். சீனாவும் 2008 முதல் லைட்டரை இருவகைப் பெட்டிகளிலும் தடைசெய்துள்ளது. சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் துப்பாக்கி வடிவ லைட்டரைத் தொடவே வேண்டாம். அங்கே அதை நாட்டுக்குள் கொண்டுவருவதற்கே கட்டுப்பாடு உண்டு.

சென்ற மாதம் புளோரிடாவின் டாம்பா நகருக்குப் போனபோது, மஞ்சள் சுடர் உள்பாகம் மாட்டிய ஜிப்போவைப் பிளாஸ்டிக் பையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்; தட்டில் வைத்துக் காட்டினேன், ஒரு கேள்வியும் எழவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கியூபச் சுருட்டுத் தொழிலாளர்கள் வந்து குடியேறிய ஈபோர் சிட்டியின் தெருவில், அன்று மாலை நல்ல காற்று வீசியது. நான் அமர்ந்த கடையின் மேசையில் வாடிக்கையாளர்களுக்கென்றே மூன்று சுடர் டார்ச் ஒன்று வைத்திருந்தார்கள். வெளித் திண்ணையில் அதைப் பயன்படுத்தினேன். அறைக்குத் திரும்பிய பின் மாடத்தின் மூலையில் அடுத்த சுருட்டுக்கு என் ஜிப்போவே போதுமாக இருந்தது.