மயோர்கால எங்க தங்கலாம், எங்க சாப்பிடலாம்: பால்மாவா, சோயேரா, அல்கூடியாவா?

ஸ்பெயினோட மயோர்கா தீவுக்கு போறவங்க நிறைய பேர் முதல்ல ஹோட்டல் போட்டோ பார்க்குறாங்க, நீச்சல்குளம் எப்படி, பால்கனில கடல் தெரியுதா, விலை என்னன்னு பார்த்து புக் பண்ணிட்டு சாப்பாட்டை அங்க போய் பார்த்துக்கலாம்னு விட்டுடறாங்க. இந்தத் தீவுல அது ரெண்டும் தனித்தனி முடிவே இல்ல. எந்த ஊர்ல ரூம் போடுறீங்களோ அதை வச்சுதான் மத்தியானம் எங்க உட்கார்ந்து சாப்பிடுவீங்க, ராத்திரி எத்தனை மணிக்கு திரும்பணும், சைவம் கிடைக்குமா கிடைக்காதான்னு எல்லாமே மாறும். அதனால சாப்பாட்டை முன்னால வச்சே மூணு ஊரை ஒப்பிட்டு எழுதுறேன்: பால்மா, சோயேர் துறைமுகம், அல்கூடியா துறைமுகம். மகலூஃப் பக்கம் நான் போகல, அது குடிக்கவும் ஆடவும் வர்ற இளவட்டத்துக்கான ஊர், குடும்பத்தோட போறவங்களுக்கு சரிப்படாது.

பால்மா. தீவோட தலைநகரம், ஏர்போர்ட்லேர்ந்து வெறும் 8 கிலோமீட்டர், ஏ1 பஸ் ஏறினா எஸ்பான்யா சதுக்கத்துல இறக்கிவிடும், அங்கயே கீழ ரயில் ஸ்டேஷன், தீவு முழுக்க போற பஸ் ஸ்டேண்ட் எல்லாம் ஒண்ணா இருக்கு. கார் எடுக்காம ஒரு வாரம் ஓட்டணும்னா இதைவிட வசதியான இடம் கிடையாது. அந்த சதுக்கத்துலேர்ந்து ரெண்டு நிமிஷம் நடந்தா ஒலிவார் மார்க்கெட். காலைல போங்க, மத்தியானத்துக்கு மேல கடைங்க மூட ஆரம்பிச்சிடும், ஞாயித்துக்கிழமை கிடையாது. தக்காளி, ஆலிவ், பாதாம், அத்திப்பழம், பாலாடைக்கட்டி வாங்கலாம், மீன் பகுதியில அங்கயே உட்கார்ந்து சாப்பிடவும் இடம் இருக்கு. கடற்கரைதான் பால்மாவுக்கு கொஞ்சம் பலவீனம். நகரத்தோட பெரிய தேவாலயத்துலேர்ந்து நடக்குற தூரத்துல கான் பெரே அந்தோனி பீச் இருக்கு, சாயங்காலம் கால் நனைக்க போதும், ஆனா கடலுக்காகவே தீவுக்கு வர்றவங்களுக்கு அது பத்தாது.

ஒரு விஷயம் கவனமா பாருங்க. பால்மா நகரத்துல அபார்ட்மெண்ட் ஃபிளாட்டை டூரிஸ்ட்டுக்கு வாடகைக்கு விடுறதை 2018லயே தடை பண்ணிட்டாங்க. அதனால நகரத்துக்குள்ள மலிவா ஒரு ஃபிளாட் விளம்பரம் கண்ணுல பட்டா லைசன்ஸ் நம்பர் இருக்கான்னு பார்க்காம பணம் கட்டாதீங்க. உள்ளூர் ஜனங்க வாடகை ஏறி வீடு கிடைக்காம தெருவுல இறங்கி போராட்டம் பண்ற ஊரு அது, நாம காசு குடுத்து அந்தப் பிரச்சனையை இன்னும் பெருசாக்க வேணாம்ங்கிறது என் கருத்து. சின்ன ஹோட்டல், ஓஸ்தல்னு சொல்ற எளிமையான தங்கும் விடுதி நிறைய இருக்கு, அதுல தங்கலாம்.

சோயேர் துறைமுகம். அழகுன்னு பார்த்தா மூணுலயும் இதுதான் முதல்ல, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. குதிரை லாடம் மாதிரி வளைஞ்ச விரிகுடா, பின்னால டிராமுந்தானா மலை, 2011ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்தது. பால்மாலேர்ந்து 1912ல ஓட ஆரம்பிச்ச மரப்பெட்டி ரயில் இன்னும் ஓடுது, 27 கிலோமீட்டர், 13 சுரங்கம், கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். சோயேர் ஊருக்குள்ள இறங்கினா அங்கேர்ந்து துறைமுகத்துக்கு டிராம். அந்த டிராம் ஊர் நடுச் சதுக்கத்துல காபிக்கடை நாற்காலிகளை ஒட்டி மணியடிச்சுக்கிட்டு போகும், உட்கார்ந்திருக்கிறவங்க கால இழுத்து வச்சுக்குவாங்க, அதை ஒரு காபியோட பார்த்துட்டே இருக்கலாம். ஆனா ரயில் டிக்கெட் விலை அதிகம், ஒரு தடவை ஆசைக்கு போங்க, திரும்புறதுக்கு பஸ்தான் சரி, சுரங்கப்பாதை வழியா சீக்கிரம் வந்துடும், காசும் ரொம்ப கம்மி. பஸ்ல பேங்க் கார்டைத் தட்டினா காசா குடுக்குறதைவிட கம்மியாத்தான் எடுக்கும், ஆனா இறங்கும்போதும் மறக்காம தட்டணும்.

சாப்பாடுன்னு வந்தா சோயேர்ல ரெண்டு நிலவரம். துறைமுகத்துல கடலோரமா வரிசையா இருக்கிற ரெஸ்டாரண்ட்ல காட்சிக்கும் சேர்த்துதான் பில் வரும். சிவப்பு இறால் சோயேர்ல பேர்போனது, இறால் பிரியர்கள் ஒரு தடவை சாப்பிடலாம், ஆனா விலையைக் கேட்டுட்டு ஆர்டர் பண்ணுங்க. தினசரி சாப்பாட்டுக்கு டிராம் ஏறி சோயேர் ஊருக்குள்ள வந்துடுறது நல்லது. ஆரஞ்சுத் தோட்டம் சூழ்ந்த ஊரு, பிழிஞ்சு குடுக்கிற ஆரஞ்சு ஜூஸ் ஒண்ணே போதும்.

அல்கூடியா துறைமுகம். சின்னக் குழந்தைங்க இருந்தா கண்ணை மூடிக்கிட்டு இங்க போங்க. நீளமான மணல் பீச், ரொம்ப தூரம் நடந்தாலும் தண்ணி இடுப்பளவுதான். ஏர்போர்ட்லேர்ந்து ஒரு மணி நேரப் பயணம், அது ஒண்ணுதான் கஷ்டம். பழைய அல்கூடியா தனியா உள்ள தள்ளி இருக்கு, மதில் சுவரோட, பக்கத்துலயே ரோமானியர் காலத்து போயென்சியா நகரத்தோட இடிபாடு, செவ்வாயும் ஞாயிறும் சந்தை. துறைமுகத்துப் பக்கம் சாப்பாடு சுமார்தான், பெரிய போர்டுல போட்டோ போட்டு பயேயாங்கிற சாதம் விக்கிற கடைங்க நிறைய. பயேயா வலென்சியா ஊரோட சாப்பாடு, மயோர்கால சாதம் சாப்பிடணும்னா அர்ரோஸ் ப்ரூத் கேளுங்க, பட்டை, மிளகு, குங்குமப்பூ எல்லாம் போட்டு கறியோட கொழகொழன்னு சூப் மாதிரி வரும், நம்ம நாக்குக்கு பயேயாவைவிட இது ரொம்ப பிடிக்கும். முயல், பன்றி எல்லாம் கலந்திருக்கும், அது ஆகாதவங்க முன்னாடியே கேட்டுக்கணும்.

இப்ப சைவம். இதுக்குத்தான் நிறைய பேர் பயப்படுறாங்க, பயப்படத் தேவையில்ல, ஆனா தெரிஞ்சு வச்சிருக்கணும். தும்பெத்னு ஒண்ணு இருக்கு: உருளைக்கிழங்கு, கத்திரிக்காய், குடமிளகாய் மூணையும் தனித்தனியா ஆலிவ் எண்ணெயில பொரிச்சு மண்சட்டியில அடுக்கி மேல தக்காளி சாஸ் ஊத்திக் குடுப்பாங்க, கோடைல காய் நல்லா விளையுற நேரத்துல அது அவ்வளவு ருசி, ரொட்டியால தொட்டுத் தொட்டு சட்டியைக் காலி பண்ணிடுவீங்க. ஆனா சில இடத்துல மீனுக்கோ கறிக்கோ கீழ பரப்பி குடுப்பாங்க, தனியா வேணும்னு சொல்லிடுங்க. அப்புறம் கோக்கா, சீஸ் இல்லாத பீட்சா மாதிரி, மேல வெங்காயம், தக்காளி, குடமிளகாய் போட்டது பேக்கரியில துண்டு துண்டா விக்கிறாங்க, பஸ்ல போகும்போது வாங்கிக்கலாம், ஆனா சில இடத்துல மாவுல பன்றிக் கொழுப்பு சேர்ப்பாங்க, கேட்டுட்டு வாங்குங்க. பாம்போலி ரொட்டியில தக்காளி தேய்ச்சு எண்ணெய் ஊத்தினது, சீஸ் போட்டுக் கேளுங்க, இல்லன்னா பன்றிக்கறி ஹாம் வந்துடும்.

சைவக்காரங்க மாட்டிக்கிற இடம் இன்னும் ரெண்டு இருக்கு. ஒண்ணு சாலட், கலவை சாலட்னு ஆர்டர் பண்ணினா மேல டூனா மீன் போட்டு வர்றது அங்க சாதாரணம், அதை சைவம்னுதான் நினைச்சுக் குடுப்பாங்க. "சின் கார்னே, சின் பெஸ்காதோ", கறி வேணாம் மீன் வேணாம்னு ரெண்டையும் சொல்லணும். இன்னொண்ணு என்சைமாடா. சுருள் சுருளா, மேல சர்க்கரைப்பொடி தூவி, எல்லாரும் ஏர்போர்ட்ல எண்கோண டப்பாவுல தூக்கிட்டு போறாங்களே, அது பன்றிக் கொழுப்புல செய்யுறது. அதுதான் அதோட அடிப்படையே, மாவை மெல்லிசா இழுத்து கொழுப்பைத் தடவித்தான் சுருட்டுறாங்க. பன்றி தொடாதவங்க அதை விட்டுட்டு பாதாம் கேக் கேளுங்க, கடோன்னு பேரு, முட்டை இருக்கும், கூடவே பாதாம் ஐஸ்க்ரீம் வரும். பால்மால 1700லேர்ந்து நடக்குற கான் ஜோவான் தெ சைகோ கடையில ரெண்டையும் சேர்த்து சாப்பிடலாம், கூட்டம் இருக்கும், வரிசையில நிக்கலாம், அதுக்கு மதிப்பு இருக்கு.

அடுத்து ரூம் மட்டுமா, ஹாஃப் போர்டா (காலைச் சாப்பாடும் ராத்திரி சாப்பாடும் சேர்த்து), ஆல் இன்க்ளூசிவா (எல்லா வேளைச் சாப்பாடும் குடிக்கிறதும் சேர்த்து). அல்கூடியாவுல குழந்தைங்களோட இருந்தா ஹாஃப் போர்டு பரவால்ல, குழந்தைக்கு ஏழு மணிக்கு பசிக்கும், உள்ளூர் ரெஸ்டாரண்ட் எட்டு மணிக்கு மேலதான் சூடு பிடிக்கும். மத்த ரெண்டு ஊர்லயும் ஹாஃப் போர்டு எடுக்காதீங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு காசு கட்டியாச்சேன்னு சாயங்காலம் ஆனதும் ஹோட்டலுக்கு ஓடி வரணும், ஊர் உயிரோட இருக்கிற நேரமே அப்பதான் ஆரம்பிக்கும். அதுக்கு பதிலா மத்தியானத்தைப் பெரிய சாப்பாடா வச்சுக்குங்க. வேலை நாள்ல மெனு டெல் தியான்னு போர்டு போட்டிருப்பாங்க, ஒரு ஸ்டார்ட்டர், ஒரு மெயின், இனிப்பு, ரொட்டி, பெரும்பாலும் குடிக்கிறதும் சேர்த்து ஒரே விலை, மத்தியானம் ஒண்ணுலேர்ந்து மூணரைக்குள்ள போயிடணும். ஆபீஸ் ஆளுங்க சாப்பிட வர்ற தெருவுல இது நல்லா இருக்கும், அதனால பால்மாவுலதான் தேர்வு அதிகம். ராத்திரி சும்மா தபாஸ்னு சின்னத் தட்டுல வர்றது ரெண்டு போதும்.

ஆல் இன்க்ளூசிவ் நான் சொல்லவே மாட்டேன். காசு மிச்சம் மாதிரி தெரியும், ஆனா தும்பெத்தும் கோக்காவும் இருக்கிற தீவுக்குப் போய் ஒரு வாரம் பொரிச்ச உருளைக்கிழங்கும் பாஸ்தாவும் சாப்பிட்டுட்டு வர்றது மனசுக்கு ஒப்பல.

கணக்குப் போடும்போது டூரிஸ்ட் வரியையும் சேர்த்துக்குங்க, 2016ல வந்தது, ஸ்டாரைப் பொறுத்து ஒரு ஆளுக்கு ராத்திரிக்கு இவ்வளவுன்னு ஹோட்டல்ல தனியா வாங்குவாங்க, 16 வயசுக்குக் கீழ கிடையாது.

பெரியவங்க மட்டும், கார் இல்லைன்னா ஒரு வாரத்துல நாலஞ்சு ராத்திரி பால்மா, மீதி சோயேர். சோயேரை வார நாள்ல வச்சுக்குங்க, ரூமும் கொஞ்சம் மலிவா கிடைக்கும். குழந்தை இருந்தா முழு வாரமும் அல்கூடியா, பால்மாவுக்கு ஒரு நாள் பஸ்ல போயிட்டு வரலாம். நவம்பர்லேர்ந்து மார்ச்சுக்குள்ள போறதா இருந்தா பால்மா மட்டும்தான், அல்கூடியாவுல பீச் ஹோட்டல் பெரும்பாலும் மூடிக் கிடக்கும், சோயேர் துறைமுகத்துலயும் பாதி கடை இருக்காது. ஜனவரி 19 ராத்திரி பால்மால புனித செபாஸ்தியான் திருவிழாவுக்கு சதுக்கம் சதுக்கமா நெருப்பு மூட்டி ஜனங்க கறி சுட்டு சாப்பிடுவாங்க, பாட்டு கச்சேரி நடுராத்திரி தாண்டி போகும், அந்த வாரம் போறவங்க சதுக்கத்தைப் பார்த்த ரூம் எடுக்காம பின்பக்கம் கேட்டு வாங்குங்க.