வீவக வீட்டில் பேஸ், ட்ரெபிள் குமிழ்கள்: பல வருட அனுபவம்

ஹைஃபை பிரியர்கள் பலருக்கு பேஸ் (அடி ஒலி), ட்ரெபிள் (உச்ச ஒலி) குமிழ்களைத் தொடுவதே பாவம். "ரெக்கார்டிங்ல எப்படி இருக்கோ அப்படியே கேக்கணும்" என்பார்கள். சிங்கப்பூரில் சிட்டி ஹால் பக்கம் இருக்கும் அடெல்பி கட்டடத்தின் ஆடியோ கடைகளில் ஏறி இறங்கிய காலத்தில் எனக்கும் இந்த அறிவுரை தாராளமாகக் கிடைத்தது. விலை ஏற ஏற ஆம்ப்ளிஃபையரின் முகப்பில் குமிழ்கள் குறைந்துகொண்டே போகும். நான் வாங்கியதோ எல்லாம் உள்ள ஒரு ஜப்பானிய ஸ்டீரியோ ஆம்ப். 60 வாட், பேஸ், ட்ரெபிள், பேலன்ஸ், லவுட்னஸ் பொத்தான், அப்புறம் இவை எதையும் தொடாமல் ஒலியை நேரே அனுப்பும் 'டைரக்ட்' பொத்தான். கூடவே ஒரு ஜோடி சின்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். செங்காங்கில் நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வரவேற்பறையில் இது பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. டைரக்ட் பொத்தானை நான் அழுத்துவது அபூர்வம்.

காரணம் எளிது. இந்த ஊரில் அடுக்குமாடி வீட்டில் சத்தமாகப் பாட்டு கேட்க முடியாது. குறைந்த ஒலியில் நம் காது பேஸை ஒழுங்காகக் கேட்பதில்லை. 1933இலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃபிளெச்சரும் மன்சனும் இதை அளந்து காட்டிவிட்டார்கள். இன்றைய சர்வதேசத் தர அளவுப்படி, 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபலில் ஒலிக்கும் ஒரு சத்தத்துக்கு ஈடாக 50 ஹெர்ட்ஸ் ஒலி நம் காதில் விழ வேண்டுமென்றால், அதற்கு 30 டெசிபலுக்கு மேல் கூடுதலாக வேண்டும். ஸ்டூடியோவில் நல்ல சத்தத்தில் கேட்டு மிக்ஸ் செய்த பாட்டை, பிள்ளை தூங்கும் வீட்டில் மெல்ல வைத்தால் பேஸ் கிட்டார் எங்கே போனது என்று தேட வேண்டியிருப்பது இதனால்தான். 80களின் திரைப்பாடல்களில் அந்தக் கிட்டார் பின்னால் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போகும். அது கேட்காவிட்டால் பாதிப் பாட்டுதான் மிச்சம்.

ஆக, இரவில் பேஸ் குமிழ் கடிகாரத்தில் 2 மணி இருக்கும் இடத்துக்குப் போகும். பகலில் கொஞ்சம் ஏற்றிக் கேட்கும்போது 12 மணிக்கு, அதாவது நடுவுக்கு, திரும்பி வரும். லவுட்னஸ் பொத்தானும் இதே வேலையைத்தான் செய்ய வேண்டும். ஆனால் என் ஆம்பில் அது ஒரே அளவாக பேஸையும் ட்ரெபிளையும் தூக்கிவிடும், இங்கே போதும் என்று நிறுத்த வழியில்லை. நண்பர் வீட்டு யமஹாவில் லவுட்னஸுக்கே தனிக் குமிழ் உண்டு. வழக்கமாகக் கேட்கும் உச்ச அளவில் வால்யூமை வைத்துவிட்டு, அந்தக் குமிழைத் திருப்பிச் சத்தத்தைக் குறைக்க வேண்டும். அது நடு அலைவரிசைகளைத்தான் இறக்கும், பேஸ் பின்தங்காது. குமிழ் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

"பேஸைக் கூட்டினால் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்ட மாட்டாரா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். அதற்குச் சுவர் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் மெல்லிய ஒலியில் பேஸைக் கொஞ்சம் கூட்டி வைப்பது, எதையும் தொடாமல் வால்யூமை ஏற்றிக் கேட்பதைவிட அடுத்த வீட்டுக்குக் குறைவாகத்தான் போகிறது. பேஸ் கேட்கவில்லை என்றுதானே ஆட்கள் வால்யூமை ஏற்றுகிறார்கள்! ஸ்பீக்கரைத் தரையிலோ டிவி மேசையிலோ நேரே வைக்காமல் ரப்பர் பாதங்களோடு ஸ்டாண்டில் வைத்தால் கான்கிரீட் வழியே இறங்கும் அதிர்வும் குறையும். 2022இல் அக்கம்பக்க இரைச்சலுக்கான சமூக ஆலோசனைக் குழு, இரவு 10 முதல் காலை 8 வரை அமைதி நேரமாக இருக்கட்டும் என்று பரிந்துரைத்தது. 10 மணிக்கு மேல் ராகம் தானம் பல்லவி கேட்கும் ஆசாமி நான் என்பதால் எங்கள் வீட்டில் இது அக்கறையோடு பேசப்பட்ட விஷயம்.

அறையின் முழக்கத்தைக் குமிழால் சரிசெய்ய முடியாது. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். என் வரவேற்பறையில் 70 ஹெர்ட்ஸ் வாக்கில் 'ம்ம்ம்' என்று ஒரு முழக்கம். கணக்குப் போட்டால் விளங்கிவிடும். இங்கத்திய வெப்பத்தில் ஒலி நொடிக்கு 349 மீட்டர் போகிறது. 2.6 மீட்டர் உயரக் கூரைக்கும் தரைக்கும் நடுவே 67 ஹெர்ட்ஸில் அலை மாட்டிக்கொண்டு நிற்கும். அறையின் நீளம் 5 மீட்டர் என்றால் 35 ஹெர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 70இலும் நிற்கும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டன. நம் வீடுகளில் சோபா சுவரோடு ஒட்டித்தான் கிடக்கும், முழக்கம் மிக அதிகமாக இருக்கும் இடமும் சுவரோரம்தான். பேஸ் குமிழைக் குறைத்தால் முழக்கம் அடங்கும், ஆனால் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியும் சேர்ந்தே செத்துப்போகும். சோபாவை ஒரு முழம் முன்னால் இழுத்தேன், ஸ்பீக்கரையும் மூலையிலிருந்து நகர்த்தினேன். குமிழால் ஆகாதது இதில் முக்கால்வாசி ஆனது. மனைவிக்குச் சோபாவின் புது இடத்தில் இன்றுவரை முழுச் சம்மதம் இல்லை.

ட்ரெபிள் கதை வேறு. பளபளக்கும் தரை ஓடுகள், வெறும் சுவர், கண்ணாடிச் சன்னல் என்று எல்லாமே உச்ச ஒலியைத் திருப்பி அடிக்கும். கம்பளம் விரித்துத் திரைச்சீலை போடுவதற்கு முன் ட்ரெபிளை 11 மணிக்கு இறக்கித்தான் கேட்டேன். போட்டபின் நடுவுக்கு வந்துவிட்டது. பழைய 60களின் பாடல்களுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் இறக்குவேன். டேப்பின் 'ஸ்ஸ்' இரைச்சல் அடங்கும், மேலே இழப்பதற்கு அந்தப் பதிவுகளில் பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை.

மாமனார் வந்து தங்கும் நாட்களில் இது தலைகீழ். "பாட்டு கேக்குது மாப்பிள்ளை, வார்த்தைதான் விளங்கல" என்பார். வயது ஏறினால் உச்ச அலைவரிசைகள்தான் முதலில் காதைவிட்டுப் போகின்றன. ச, ஸ, த போன்ற மெய்யொலிகளின் தெளிவு அங்கேதான் இருக்கிறது. வால்யூமை ஏற்றாமல் ட்ரெபிளை 3 மணிக்குத் திருப்பினால் போதும், ஒலி 96.8 வானொலியில் செய்தியை வரி விடாமல் கேட்டு, நடுநடுவே விமர்சனமும் செய்வார். என் மகனோ அந்த நேரம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான்.

எதற்கு உதவாது என்றும் சொல்ல வேண்டும். நாதஸ்வரம் சில பதிவுகளில் காதைக் குத்தும். அந்தக் குத்தல் காது மிகக் கூர்மையாக இருக்கும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸுக்குள் வருவது. பேஸ் குமிழ் 100 ஹெர்ட்ஸ் பக்கமும், ட்ரெபிள் குமிழ் 10,000 ஹெர்ட்ஸ் பக்கமும்தான் முழுப் பலத்தோடு வேலை செய்யும். நடுவில் கை அவ்வளவாக எட்டாது. இந்தக் குமிழ்களுக்கான மின்சுற்றின் அடிப்படையை பாக்ஸண்டால் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 1952இல் ஒரு பத்திரிகையில் வெளியிட்டார். நடுப்பகுதியை அதிகம் கெடுக்காமல் இரு முனைகளை மட்டும் ஏற்றி இறக்குவதுதான் அதன் அழகே. நாதஸ்வரத்துக்கு வேண்டுமானால் ஒவ்வொரு அலைவரிசையையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசரைக் கைபேசிச் செயலியில் நாடலாம்.

இன்னொன்று, தீபாவளிக்கு வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது பேஸைக் கடைசிவரை திருப்பும் பழக்கம். 10 டெசிபல் கூட்டினால் அந்த அலைவரிசைக்கு ஆம்ப் பத்து மடங்கு சக்தி தர வேண்டும். இரவில் ஒரு வாட்கூடச் செலவாகாதபோது இது கவலையே இல்லை. ஏற்கெனவே 10 வாட் ஓடும்போது என் 60 வாட் ஆம்ப் 100 வாட்டுக்கு எங்கே போகும்? ஒலி நசுங்கிக் கரகரக்கும், உச்ச ஒலியைத் தரும் ட்வீட்டர் கருகவும் கூடும். விருந்தாளிகள் வந்தால் நான் முதலில் செய்வது பேஸை நடுவுக்குக் கொண்டுவருவது.

குறைகள் இரண்டு. ரிமோட்டில் வால்யூம் மட்டும்தான், பேஸுக்கும் ட்ரெபிளுக்கும் எழுந்து போக வேண்டும். அப்புறம் இந்த ஊர் ஈரப்பதம். சில வருடங்களில் ட்ரெபிள் குமிழைத் திருப்பினால் 'கரகர' என்றது, ஒரு பக்க ஸ்பீக்கர் விட்டுவிட்டு ஒலித்தது. பழுதுபார்க்கும் கடையில் மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார்கள். சிம் லிம் ஸ்குவேரில் வாங்கிய காண்டாக்ட் கிளீனரை, மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, குமிழுக்குப் பின்னால் இருக்கும் பாகத்தில் கொஞ்சம் அடித்து, முழுக்க முழுக்கத் திருப்பியதில் சரியாகிவிட்டது. இப்போது அவ்வப்போது சும்மாவேனும் எல்லாக் குமிழ்களையும் முழுச் சுற்று சுற்றிவிடுகிறேன்.

கரோசல் இணையச் சந்தையில் பழைய ஜப்பானிய ஆம்ப் தேடுகிறவர்கள் பின்பக்கத் தகட்டையும் படம் கேளுங்கள். 100 வோல்ட் என்று இருந்தால் அது ஜப்பானில் விற்றது. நம் 230 வோல்ட்டில் நேரே செருகக் கூடாது, தனியாக டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதன் விலையும் எடையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். நான் அடுத்து வாங்கினால் லவுட்னஸுக்குத் தனிக் குமிழ் உள்ளதாகத்தான் பார்ப்பேன். மற்ற வசதிகள் எப்படி இருந்தாலும் சரி.