புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் லாரிக்கு வால்வு ஸ்பிரிங் மாற்றினேன்: பட்டறை எப்படி?

கடலூர் சிப்காட்டிலிருந்து ஓசூருக்கு லோடு அடிக்கிற பழைய டாடா என்னுடையது. உள்ளே இருப்பது கம்மின்ஸ் 6பிடி, 5.9 லிட்டர், 12 வால்வு. இன்ஜினுக்கு டீசல் அனுப்பும் பம்ப்பில் அளவை ஏற்றி, வேகத்துக்கு எல்லை வைக்கிற கவர்னரையும் மாற்றி, 2500-ல் நின்றுகொண்டிருந்த ஆர்பிஎம்மை 3000 வரைக்கும் கொண்டுபோனேன். ஆனால் வால்வை மூடிப் பிடிக்கிற ஸ்பிரிங் மட்டும் கம்பெனியில் வந்ததுதான், அங்கேதான் தப்பு செய்தேன்.

2700 தாண்டினால் வண்டி இழுக்காது, பட் பட்டென்று வெடிக்கும். திரும்புகாலில் சேலத்துக்கு லோடு இருந்தால் தொப்பூர் இறங்க வேண்டும். அங்கே எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகை போகும் வழியை அடைத்து வண்டியைப் பிடிக்கிற பிரேக்) அழுத்தினால், வால்வுகள் இருக்கிற ஹெட்டுக்குள் கடகடவென்று அடிக்கும், கேட்கும்போதே வயிற்றைக் கலக்கும். முதலில் ஒரு பட்டறையில் பழைய ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்துக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில், வால்வைத் திறக்கத் தள்ளுகிற புஷ் ராடு இரண்டு வளைந்தது.

அதற்கு அப்புறம்தான் புதுச்சேரி மேட்டுப்பாளையத்துக்குப் போனேன். டிரக் டெர்மினலுக்குப் பக்கத்தில், ஹெட் வேலை மட்டும் பார்க்கிற சின்னப் பட்டறை, பெயர்ப்பலகை எதுவும் இல்லை. டெர்மினலில் யாரைக் கேட்டாலும் கைகாட்டுவார்கள்.

பட்டறை அண்ணன் பழைய ஸ்பிரிங்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். சுருளும் சுருளும் மோதிய இடமெல்லாம் பளபளவென்று தேய்ந்திருந்தது. வாஷர் வைத்ததால் வால்வு முழுசாகத் திறக்கும்போது சுருள்களுக்கு நடுவே இடைவெளியே இல்லாமல் போய்விட்டது, அந்த அடியைப் புஷ் ராடு வாங்கியிருக்கிறது. அப்புறம் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக டெஸ்டரில் வைத்து அழுத்தி, எத்தனை கிலோ தாங்குகிறது என்று சாக்பீஸால் தரையில் எழுதினார். இரண்டு ஸ்பிரிங் மற்றவற்றைவிட நன்றாகவே தளர்ந்திருந்தன. இருபது வருஷமாக லாரி வைத்திருக்கிறேன், ஸ்பிரிங்கை இப்படி எடைபோட்டுப் பார்த்த பட்டறையை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஏன் இது முக்கியம் என்று கணக்குப் போட்டே காட்டினார். 45 மி.மீ. தலை உள்ள வால்வின் முதுகில் டர்போ காற்று 2 பார் அழுத்தத்தில் தள்ளினால், 30 கிலோவுக்கு மேல் அதைத் திறக்கப் பார்க்கும். எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு, புகை வெளியேறும் மேனிஃபோல்டில் 4 பார் நின்றால் அதுவே இரண்டு மடங்கு. தளர்ந்த ஸ்பிரிங் இதற்கு எங்கே தாங்கும்? வால்வு மூடி உட்காரவேண்டிய சீட்டில் உட்காராமல் துள்ளும். ஆர்பிஎம் கூடக் கூட, வால்வை ஏற்றி இறக்குகிற கேம் இறங்கும் வேகத்துக்கு வால்வால் கூடவே இறங்க முடியாமலும் போகும்.

இதே இன்ஜின் அமெரிக்காவில் 1989 முதல் 1998 வரை டாட்ஜ் ராம் பிக்கப்பில் வந்தது. அதனால் இதற்கென்று கடினமான ஸ்பிரிங் அங்கே நிறைய உண்டு, எக்ஸாஸ்ட் பிரேக் போடுகிறவர்கள் பெரும்பாலும் வாங்குவது '60 பவுண்டு' என்று சொல்லப்படுவது. நூறு பவுண்டுக்கு மேலே ரேஸுக்கு விற்பதைத்தான் வரவழைக்கலாம் என்று இருந்தேன். அண்ணன் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "தம்பி, இதுல ரோலர் இல்ல, கேம் மேல உரசுற தட்டை டேப்பட். ஸ்பிரிங்க இறுக்க இறுக்க கேம் தேயும். டேப்பட்டு மேல் வழியா வெளிய வராது, அப்புறம் கேமையே உருவணும்" என்றார். 60 போதும் என்று முடிவாகி, ஆன்லைனில் நானே வரவழைத்தேன்.

வேலை செய்த விதம் ரொம்பப் பிடித்தது. ஹெட்டை இறக்கவே இல்லை. பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்தால் வால்வு உள்ளே விழாமல் அதன்மேலேயே நிற்கும், இந்த இன்ஜினில் சிலிண்டர் 1-6, 2-5, 3-4 என்று ஜோடி ஜோடியாக மேலே வரும், அப்படியே மூன்று நிறுத்தத்தில் முடித்தார். ஒவ்வொரு ஸ்பிரிங்கும் உட்காரும் உயரத்தை அளந்தார், வால்வு சீலையும் மாற்றினார். வால்வை அழுத்துகிற ராக்கர் நிற்கும் போல்ட்டுகள் ஹெட் போல்ட்டுகளும்கூட என்பதால் டார்க் ரெஞ்ச் வைத்துப் படிப்படியாக இறுக்கினார். கடைசியில் டேப்பட் இடைவெளி, இன்டேக் 10 தௌ, எக்ஸாஸ்ட் 20 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு).

குறைகளும் உண்டு. ஒரு நாள் என்று சொல்லி இரண்டரை நாள் ஆனது. பாகம் எதையும் அவர் வாங்கித் தரமாட்டார், ஜிஎஸ்டி பில் கிடையாது, உட்கார ஒரு நிழல்கூட இல்லை. கூலி 6,500 வாங்கினார், ஹெட்டை இறக்காமல் முடித்துக் கொடுத்ததற்கு எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

நாலு மாசம் ஓட்டிவிட்டேன். 3000 வரை ஒரே சீராக ஏறுகிறது. தொப்பூரில் எக்ஸாஸ்ட் பிரேக் போட்டால் வண்டி கையில் நிற்கிறது, அந்தக் கடகட சத்தம் இல்லை. மைலேஜில் ஒரு மாற்றமும் இல்லை, அதை எதிர்பார்த்து யாரும் செலவு செய்யவேண்டாம். 1000 கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப வரச் சொல்லி டேப்பட்டைப் பார்த்தார், காசு வாங்கவில்லை.

போகிறவர்கள் முந்தின நாள் ராத்திரியே வண்டியைக் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். இன்ஜின் முழுசாக ஆறாமல் அவர் கை வைக்கமாட்டார்.