நியூமோனியா: கேர்ப்-65ஆ, பிஎஸ்ஐயா?

நெஞ்சுச்சளியும் காய்ச்சலுமாக ஒரு முதியவர் யாழ்ப்பாண ஆஸ்பத்திரி விடுதிக்கு வந்தால், அடுத்த 30 நாளில் அவர் இறக்கும் அபாயத்தை எடைபோட இரண்டு புள்ளிக் கணக்குகள் உண்டு: கேர்ப்-65 (CURB-65), பிஎஸ்ஐ (PSI, நியூமோனியாவின் கடுமையை அளக்கும் சுட்டெண்). நான் கேர்ப்-65 பக்கம்.

1997இல் வந்த பிஎஸ்ஐ 20 விடயங்களைக் கேட்கும். புற்றுநோய், இதயச் செயலிழப்பு போன்ற பழைய நோய்களையும் ஒட்சிசனையும் கணக்கில் எடுப்பது அதன் பலம். ஆனால் ஆணுக்கு எத்தனை வயதோ அத்தனை புள்ளி. 92 வயது அப்பு வேறொன்றும் இல்லாமலே ஐந்து அபாய வகுப்புகளில் நான்காவதில் நிற்பார். நாடி இரத்தம் எடுத்துப் பார்க்கும் பிஎச் (இரத்தத்தின் அமிலநிலை) குறைந்திருந்தால் 30 புள்ளி. இரவு இரண்டு மணிக்கு யார் கூட்டுவது?

2003இல் வந்த கேர்ப்-65இல் ஐந்தே விடயம், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி: மாறாட்டம் (புத்தித் தடுமாற்றம்), இரத்த யூரியா லீற்றருக்கு 7 மில்லிமோலுக்கு மேல், நிமிடத்துக்கு 30 அல்லது கூடிய மூச்சு, குறைந்த பிரஷர், 65 அல்லது கூடிய வயது. யூரியா பார்க்க வசதியில்லாவிட்டால் மற்ற நான்கையும் எண்ணலாம். நெடுந்தீவிலிருந்து படகேற்றுவதா என்று யோசிக்கும் இடத்தில் இது பெரிய உதவி.

சரி, சிக்கல் மாறாட்டத்தில். முதியவருக்கு வயதே ஒரு புள்ளி தந்துவிடும். மாறாட்டம் சேர்ந்தால் இரண்டு. மூல ஆய்வில் 0-1 புள்ளிக்காரரில் இறந்தோர் 1.5%, இரண்டு புள்ளிக்காரரில் 9.2%, மூன்றும் மேலும் என்றால் 22%. இவ்வளவு பெரிய தாவல் ஒரு கேள்வியின் பதிலில் தொங்குகிறது. பத்துக் கேள்விச் சோதனையில் எட்டோ குறைவோ எடுத்தால் மாறாட்டம். அதில் முதலாம் உலகப்போர் தொடங்கிய ஆண்டைக் கேட்கச் சொல்கிறார்கள். எங்கள் ஆச்சிமாரிடம் இடப்பெயர்வு எந்த வருசம் என்று கேட்டால் 1995 என்று உடனே வரும். காது கேளாதவருக்குக் காதருகே கத்த வேண்டும். அப்புறம், புதிய மாறாட்டம்தான் கணக்கு. "அவருக்கு அறளை பேந்திட்டுது டொக்டர்" என்று, வயதால் வந்த பழைய மறதி போல மகன் சொன்னால் நான் விடமாட்டேன், மருமகளைக் கேட்பேன். ஒருமுறை ஒரு மருமகள் "நேற்றுக் காலமையும் பேப்பர் வாசிச்சவர்" என்றார். அந்த ஒரு வசனத்தால் அந்த முதியவரை விடுதியில் மறித்து வைத்தோம்.

கேர்ப்-65 ஒட்சிசனைக் கேட்பதில்லை. விரலில் மாட்டும் கருவி ஒட்சிசன் 88% என்று காட்டினால் புள்ளி குறைவென்று வீட்டுக்கு அனுப்ப முடியாது. மாதக்கணக்காகப் படுக்கையில் இருப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அவர்களிடம் இரண்டு கணக்கையும் போட்டுவிட்டு மூத்த வைத்தியரைக் கூப்பிடுகிறேன்.