பாக்ஸிங்குக்கும் குங்ஃபூவுக்கும் ஒரே ஷூ போதுமா?

தட்டை ரப்பர் அடி, கணுக்காலுக்குக் கீழே முடிந்துவிடும் கேன்வாஸ். ஊஷூ, அதாவது குங்ஃபூ போன்ற சீனத் தற்காப்புக் கலைகளின் பயிற்சிக்கென்றே விற்கும் இந்த ஷூ பாக்ஸிங்கில் பாதி வேலைக்குத் தாராளமாக ஆகும்.

நேர்கோட்டு நகர்வில் குறையே இல்லை. பாக்ஸிங்கில் முன்னேறும்போது முதலில் முன்கால், பிறகு அதே அளவு பின்கால். இரு கால்களுக்கு நடுவே உள்ள இடைவெளி மாறக் கூடாது. ஷிங்யீ என்ற குங்ஃபூ பாணியின் பின்தொடர் காலடியும் கிட்டத்தட்ட இதேதான். இரண்டிலும் பின்காலின் உந்தலே குத்துக்குக் கனம் தருகிறது. ஷூவின் மெல்லிய அடிப்பாகம் அந்த உந்தலை அப்படியே தரைக்குக் கொடுக்கிறது. ஓட்டப்பயிற்சி ஷூவின் பஞ்சு அதை விழுங்கிவிடும்.

சிக்கல் திரும்பும்போதுதான். பாகுவா என்ற இன்னொரு குங்ஃபூ பாணியில் பாதத்தை எடுத்து, நுனியை உள்ளே மடக்கியோ வெளியே விரித்தோ வைப்பார்கள். தரையில் தேய்ப்பு குறைவு, ரப்பர் பிடிப்பு அங்கே நல்லது. பாக்ஸரோ பாதத்தின் முன்பகுதியை ஊன்றியபடியே சுழல்கிறார். ரிங்கின் துணித்தரையில் இந்த ரப்பர் ஒட்டிக்கொண்டால் திருகல் முழுக்க முழங்காலுக்குப் போகும். ஹூக் (பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து) அடிக்கும் முன் குதிகாலைச் சற்றே தூக்கினால் தப்பலாம். குதிகாலை ஊன்றிக்கொண்டே இடுப்பைத் திருப்புவதுதான் பலரும் செய்யும் தவறு.

ஸ்கிப்பிங்குக்கு உள்ளட்டை போதாது. தடித்த அட்டை போட்டால் குதிகால் மேலேறி ஷூ கழன்றுவரும், 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். சுண்டுவிரல் பக்கம்தான் முதலில் கிழியும். பக்கவாட்டில் அதிகம் தாவுபவர்கள் கணுக்காலைப் பிடிக்கும் பாக்ஸிங் ஷூவே வாங்கலாம்.