பாசிட்டிவ் எர்த்: எம்ஜிபி-யோடு எட்டு வருடம்

நண்பர் ஒருவர் போன வாரம் ஒரு விளம்பரத்தை அனுப்பி, "இதை வாங்கலாமாங்க?" என்று கேட்டார். 1977 எம்ஜிபி ரோட்ஸ்டர் (எம்ஜி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பழைய திறந்த ஸ்போர்ட்ஸ் கார்), கருப்பு பம்பர், விலை குறைத்திருக்கிறார்கள். அவர் கேட்ட நேரம் சரியில்லை. என் 1966 எம்ஜிபி ரிப்பேர் முடிந்து வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பில் இன்னும் மேஜை மேல் கிடந்தது.

1798 சிசி, நாலு சிலிண்டர், இரட்டை எஸ்யூ கார்புரேட்டர், 95 குதிரைத்திறன் என்பதெல்லாம் இந்த வண்டியைத் தேடுகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். முந்தைய மாடலான எம்ஜிஏ-வுக்குத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) உண்டு. 1962-இல் வந்த எம்ஜிபி-க்குப் பாடியே சேசிஸ். அதனால்தான் எம்ஜிஏ-வைவிட நீளம் குறைந்தும் உள்ளே இடம் கூடியது. 1964 கடைசியில் எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டுக்கு மூன்று பேரிங்குக்குப் பதில் ஐந்து கொடுத்தார்கள். என்னுடையது அதற்குப் பிந்தைய வண்டி. எஞ்சினைப் பற்றி எட்டு வருடத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

என் தகராறெல்லாம் கரண்டோடுதான். 1967 வரை இந்த வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும். இதுதான் பாசிட்டிவ் எர்த். இன்றைக்கு ஓடுகிற கார்களில் எல்லாம் நேர்மாறு. சின்ன விஷயம்தானே என்று நானும் நினைத்தேன். அப்புறம் ஒரு ரேடியோ வைக்கலாம் என்று பார்த்தால், இந்தக் காலத்து ரேடியோவின் தகர உடம்பு நெகட்டிவ், டாஷ்போர்டு பாசிட்டிவ், இரண்டும் தொட்டால் நேராக ஷார்ட். செல்போன் சார்ஜருக்கு ஒரு சாக்கெட் வைப்பதற்குக்கூட ஒயரிங் படத்தோடு உட்கார வேண்டும். இது போதாதென்று பேட்டரியும் ஒன்றில்லை. 6 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து, சீட்டுக்குப் பின்னால், கார்ப்பெட்டுக்கு அடியில், பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டுக்கு இருபக்கமும் ஒவ்வொன்றாகப் புதைத்து வைத்திருக்கிறார்கள். எடை நடுவில் விழுகிறது, வளைவில் வண்டி நன்றாக நிற்கிறது, ஒத்துக்கொள்கிறேன். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும்போது மட்டும் கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோலக் கவிழ்ந்து கிடக்க வேண்டும்.

போன மாதம் முதுகுவலி. இந்த முறை பேட்டரி மாற்றும் வேலையை ஒரு ஒர்க் ஷாப்பில் விட்டேன். "பாசிட்டிவ் எர்த்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். வேலை பார்த்த பையன் தன் வழக்கப்படி நெகட்டிவை பாடியில் மாட்டிவிட்டான். கொடுமை என்னவென்றால், அப்படி மாட்டினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் முள் மட்டும் செத்துக் கிடந்தது. பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோ அதற்கு எதிராக மின்சாரம் தள்ளியதில், சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டியின் தொடுமுனைகள் கருகிவிட்டன. அதை மாற்றியதற்கும் என்னிடம்தான் காசு வாங்கினார்கள்.

"நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிவிட வேண்டியதுதானே?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். மாற்றலாம். பேட்டரி முனைகளைத் திருப்பி, டைனமோவுக்கு ஒயரால் ஒரு தொடு தொட்டுத் துருவம் மாற்றி, இக்னிஷன் காயிலின் இரண்டு ஒயரை இடம் மாற்றி, ஆர்பிஎம் மீட்டரைத் திறந்து உள்ளே கொஞ்சம் மாற்றினால் முடிந்தது. ஒருநாள்கூட ஆகாது. ஆனால் மாற்றினால் அந்தப் பையன் செய்தது சரி என்றாகிவிடும்!

அந்த முள் செத்துப்போனதுதான் என்னை அதிகம் உறுத்தியது. காரணம் ஓவர்டிரைவ், அதாவது அதே வேகத்தில் எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர். அந்தக் காலத்தில் கூடுதல் காசு கொடுத்து வாங்கிய வசதி அது. மூன்றாவது, நாலாவது கியர்களில் வேலை செய்யும். மணிக்கு 70 மைல் வேகத்தில் நாலாவது கியரில் எஞ்சின் 3,900 சுற்றுக்குப் பக்கத்தில் கத்திக்கொண்டிருக்கும். டாஷ்போர்டில் ஒரு சின்ன ஸ்விட்ச். கிளட்ச் மிதிக்கத் தேவையில்லை, விரலால் தட்டினால் போதும், முள் மெல்ல 3,100-க்கு இறங்கும். சத்தம் அடங்கி, காற்றின் சத்தம் மேலே வரும். இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட் குன்றுகள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவையே இல்லாமல் ஸ்விட்சைப் போட்டு எடுத்து, போட்டு எடுத்து ஓட்டியிருக்கிறேன். மூன்று வாரம் முள் அசையாமல் ஓட்டியபோது ஏதோ உப்பில்லாமல் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

சரி, நண்பரின் கேள்விக்கு வருகிறேன். 1974 கடைசியிலிருந்து அமெரிக்க பம்பர் விதிகளுக்காக குரோம் பம்பரை எடுத்துவிட்டு அந்தக் கருப்பு மூக்கை ஒட்டினார்கள், வண்டியையும் ஒன்றரை அங்குலம் உயர்த்தினார்கள். வளைவில் சாய்கிறது என்று பெயர் கெட்டது. 1977 மாடலில் முன்னும் பின்னும் சாய்வைக் குறைக்கும் ஆன்டி ரோல் பார் போட்டு ஓரளவு சரி செய்தார்கள். அழகு என்ற பேச்சே எடுக்க வேண்டாம். ஆனால் 12 வோல்ட்டில் ஒரே பேட்டரி, நெகட்டிவ் எர்த், டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர். பல்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கி கியரைச் சத்தமில்லாமல் விழவைக்கும் சிங்க்ரோ முதல் கியருக்கும் உண்டு. என் வண்டியில் அது இல்லாததால், ஊர்ந்துபோகும்போது முதல் கியர் போட்டால் பல்சக்கரம் கரகரவென்று திட்டும். ஓவர்டிரைவும் கூடவே வருகிறது. குரோம் பம்பர் வண்டியைவிட விலையும் குறைவு. எந்த ஒர்க் ஷாப்பில் விட்டாலும் பேட்டரியைச் சரியாகத்தான் மாட்டுவார்கள்.

கருப்பு பம்பரையே வாங்குங்கள் என்று பதில் அனுப்பிவிட்டேன். எங்கள் வீட்டுக்கு ஓட்டி வந்தால் மட்டும் என் வண்டிக்கு முன்னால் நிறுத்த வேண்டாம்.