லோவர் பியர்ஸ் காட்டுப் பாதை: முதல் நடைக்கு 900 மீட்டர் போதும்

சிங்கப்பூரில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு காட்டுக்குள் நடக்க வேண்டும் என்று சொன்னால், நண்பர்கள் பெரும்பாலும் மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டின் மர உச்சித் தொங்குபாலத்தைத்தான் சொல்வார்கள். 2004ஆம் ஆண்டு திறக்கப்பட்ட, 250 மீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தின் அழகில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் மெக்ரிட்சிப் பூங்காவின் முகப்பிலிருந்து புறப்பட்டால் பாலத்தைச் சென்றடையவே நான்கு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். பாலம் ஒருவழி என்பதால் பாதியில் குழந்தை அழுதாலும் வந்த வழியே திரும்ப முடியாது. காட்டில் முதன்முறையாகக் கால் வைக்கும் குடும்பத்தை அங்கே அனுப்புவது சரியான ஆலோசனை அன்று என்பது என் உறுதியான எண்ணம். அவர்களுக்கு ஏற்ற இடம் லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தின் கரையோரமாகச் செல்லும் மரப்பலகைப் பாதை. அதன் நீளம் 900 மீட்டர்தான். ஆறு வாரங்களில் மூன்று முறை குடும்பத்துடன் அங்கே சென்றுவந்த பிறகு இதை எழுதுகிறேன்.

நாங்கள் நான்கு பேர் சென்றோம். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து எங்களைப் பார்க்க வந்திருந்த என் அம்மாவுக்கு வயது 71. வலது முழங்காலில் தேய்மானம் உண்டு. மகளுக்கு மூன்றரை வயது. மனைவிக்குப் பூச்சிகளைக் கண்டால் ஆகாது. இப்படிப்பட்ட ஒரு குடும்பம் பாதியில் திரும்பாமல் நடந்து முடித்து, அடுத்த வாரமும் போகலாம் என்று தானாகக் கேட்டது என்றால், அந்தப் பாதையை அமைத்தவர்கள் அளவறிந்து அமைத்திருக்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்பர் தாம்சன் சாலையின் பரபரப்பிலிருந்து உள்ளே திரும்பியதும் முதலில் தெரிவது வெப்பம் குறைவதுதான். பூங்காவில் வண்டியை நிறுத்திவிட்டுப் பலகைப் பாதையில் ஏறிய சில நிமிடங்களிலேயே வாகன ஓசை அடங்கி, சில்வண்டுகளின் இரைச்சல் காதை நிறைக்கிறது. பாதை தரையிலிருந்து சற்று உயர்த்தி அமைக்கப்பட்டிருப்பதால் சேறு, வேர், அட்டை ஆகியவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. காடும் மனிதக் கால்களிடமிருந்து தப்பிக்கிறது. தொடக்கத்தில் இருபுறமும் மரங்கள் நெருக்கமாக நிற்கும். பிறகு பாதை சற்றே இறங்கி ஒரு வளைவில் திரும்பும்போது, கிளைகளுக்கிடையே நீர் திடீரென்று கண்ணில் படுகிறது. காலை ஏழே முக்கால் மணிக்கு அந்த நீர் அசையாமல் கிடந்தது. எதிர்க்கரைக் காடு முழுவதும் அதில் தலைகீழாகத் தெரிந்தது. அம்மா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றார். பிறகு, "தம்பி, நம்ம கண்மாய் நெறஞ்சு கெடக்கற மாதிரியே இருக்கு" என்றார். மழை பொய்த்த ஆண்டுகளை நிறையப் பார்த்தவர் அவர். நிறைந்த நீரை அவர் பார்க்கும் பார்வை வேறு.

இந்த நடையில் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது நீர் அன்று, ரப்பர் மரங்கள்தான். இந்தப் பகுதி ஒரு காலத்தில் தோட்டங்களாக இருந்து, கைவிடப்பட்ட பின் மீண்டும் காடானது. அதனால் பழைய ரப்பர் மரங்கள் இன்னமும் காட்டு மரங்களோடு கலந்து நிற்கின்றன. அவற்றை அடையாளம் காண்பது எளிது: ஒரே காம்பில் மும்மூன்றாக இலைகள் இருக்கும், பட்டை சாம்பல் நிறத்தில் வழவழப்பாக இருக்கும், அடியில் விதைகள் சிதறிக் கிடக்கும். என் மகள் பலகையின் ஓரத்தில் கிடந்த ஒரு விதையைக் கண்டெடுத்தாள். புளியங்கொட்டையைவிடப் பெரியது, எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும் பழுப்பு ஓடு, அதன்மேல் மை தெறித்தது போன்ற கரும்புள்ளிகள். முற்றிய காய் வெயிலில் "டக்"கென்று வெடித்து மூன்று விதைகளையும் தூர எறிந்துவிடும் என்று நான் சொன்னதும், அவள் அந்த ஓசைக்காகவே அண்ணாந்து காத்து நின்றாள்.

அம்மா அந்த விதையை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அவருடைய தந்தை, அதாவது என் தாத்தா, ஜொகூரில் ஒரு தோட்டத்தில் பதினோரு ஆண்டுகள் பால்வெட்டு வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர். பால்மரம், மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்), பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பு), கங்காணி (வேலையாட்களின் மேற்பார்வையாளர்) போன்ற சொற்களைக் கேட்டே அம்மா வளர்ந்தார். ஆனால் அந்த மரத்தைத் தம் 71 வயது வரை கண்ணால் பார்த்ததில்லை. "இதுதானா அந்த மரம்" என்று கேட்டுவிட்டு, கைக்கு எட்டிய தூரத்தில் நின்ற ஒரு மரத்தின் பட்டையை அவர் தொட்டுப் பார்த்தார். இதற்கு மேல் அந்தக் காலை நேரத்தைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். 1877ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து வெறும் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. பூமலை என்று நாம் அழைக்கும் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக 1888இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் மீன்முள் வடிவில் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்துத் தந்தார். மலாயாவின் தோட்டங்கள் பெருகியதும், அவற்றுக்காக நம் மக்கள் கப்பலேறியதும் அதன் தொடர்ச்சியே. ஆகவே, தமிழ்க் குடும்பங்கள் இந்த மரங்களை வெறும் நிழலாக எண்ணிக் கடந்து செல்லாமல், பிள்ளைகளுக்கு நின்று காட்ட வேண்டும் என்று விரும்புகிறேன். விதையை நாங்கள் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தோம்; இயற்கை வனப்பகுதியிலிருந்து செடி, விதை எதையும் எடுத்துச் செல்லச் சட்டம் அனுமதிப்பதில்லை.

பறவைகளும் விலங்குகளும் இங்கே தாராளமாகத் தென்படும். வாலின் நுனியில் இரண்டு துடுப்புகளைக் கட்டித் தொங்கவிட்டது போன்ற துடுப்புவால் கரிச்சானை மூன்று முறையும் பார்த்தோம். நீரோரத்தில் உடும்பு ஒன்று நாக்கை நீட்டி நீட்டி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. ராஃபிள்ஸ் பட்டைக் குரங்கு எனப்படும் கறுப்பு இலைக்குரங்கும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் வாழ்கிறது. சிங்கப்பூரில் நூற்றுக்கும் குறைவாகவே எஞ்சியுள்ள அது எங்கள் கண்ணில் இதுவரை படவில்லை.

நீண்டவால் குரங்குகளோ கட்டாயம் கண்ணில் படும். முதல் முறை சென்றபோது, மகளுக்காக அம்மா ஒரு பிளாஸ்டிக் பையில் முறுக்கு கொண்டுவந்திருந்தார். பை சரசரத்த கணத்தில், எங்கிருந்தோ இறங்கிய ஒரு பெரிய ஆண் குரங்கு அவர் கையிலிருந்து அதைப் பறித்துச் சென்றது. கீறல் ஏதும் படவில்லை. ஆனால் அம்மாவின் கை நடுங்கியதும், மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடாமல் அழுததும் எனக்கு மறக்கவில்லை. தவறு எங்களுடையது. குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றால் உணவு என்று மனிதர்களே கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அவற்றுக்கு உணவளிப்பது குற்றம், முதல் முறைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்கப்படலாம். அடுத்த முறைகளில் தின்பண்டம் எதையும் வெளியே எடுக்கவில்லை. தண்ணீரை முதுகுப்பைக்குள் வைத்து மூடிக்கொண்டோம். குரங்கு எதிர்ப்பட்டபோது அதன் கண்ணை உற்றுப் பார்க்காமலும் பல்லைக் காட்டிச் சிரிக்காமலும், ஓடாமல் அமைதியாக விலகி நடந்தோம். அவையும் எங்களைப் பொருட்படுத்தவில்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பாதை முழுவதும் சமதளம் இல்லை. சில இடங்களில் படிகள் குறுக்கிடுகின்றன. ஆதலால் சக்கர நாற்காலியில் வருவோருக்கு இது ஏற்றதன்று. தள்ளுவண்டியை நாங்கள் முதல் நாள் கொண்டு சென்று, ஒவ்வொரு படிக்கட்டிலும் இருவராகத் தூக்கிச் சுமந்தோம். கைக்குழந்தை உள்ளவர்கள் மார்போடு அணைத்துக் கட்டும் தூளியைக் கொண்டுவருவது நல்லது. அம்மா முழங்கால் வலியோடு ஏறி இறங்க முடிந்ததற்குக் கைப்பிடிகளே காரணம். மழை பெய்து ஓய்ந்த பின் பலகைகளில் பாசி வழுக்கும். ரப்பர்ச் செருப்புடன் வந்த அம்மா முதல் நாள் ஒருமுறை சறுக்கி, கைப்பிடியைப் பிடித்துச் சமாளித்தார். மறுநாளே அவருக்குப் பிடிப்புள்ள கேன்வாஸ் காலணி ஒன்று வாங்கினேன். புடவைக்கு அது பொருந்தவில்லை என்று தயங்கியவர், இரண்டாம் நடைக்குப் பிறகு வீட்டுக்குக் கீழே கடைக்குப் போகவும் அதையே அணிந்துகொண்டார். கழிவறை பூங்காவில் இருக்கிறது. பாதைக்குள் கடையோ குடிநீரோ கிடையாது. கொசுக்கடி உண்டு, மருந்து தடவிக்கொண்டு செல்லுங்கள். இடி முழங்கினால், எவ்வளவு அழகான இடத்தில் நின்றாலும் உடனே திரும்பிவிடுங்கள்.

வாசலிலேயே எம்ஆர்டி ரயில் நிலையம் இல்லை என்பது இன்னொரு குறை. தாம்சன் – ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் மேஃபிளவர் நிலையம் அருகில் இருக்கிறது. ஆனால் பெரியவர்களுடன் வருவோர் அங்கிருந்து பேருந்தோ டாக்சியோ எடுப்பது நல்லது, நடக்கும் தெம்பைக் காட்டுக்காகச் சேமித்து வைக்கலாம்.

நீர்த்தேக்கத்தின் வரலாறும் சுவையானது. கட்டுமானம் 1910இல் முடிந்து 1912இல் திறக்கப்பட்டபோது அதன் பெயர் காலாங் ஆற்று நீர்த்தேக்கம். மெக்ரிட்சிக்கு அடுத்து இத்தீவில் உருவான இரண்டாவது நீர்த்தேக்கம் அது. நகராட்சிப் பொறியாளராகப் பணியாற்றிய ராபர்ட் பியர்ஸின் பெயர் 1922இல் சூட்டப்பட்டது. 1975இல் மேற்பகுதியில் புதிய அணை எழுந்த பிறகு இது லோவர் பியர்ஸ் ஆயிற்று. பழைய பெயருக்குக் காரணம் இங்கேதான் காலாங் ஆறு தொடங்குகிறது என்பது. சுமார் பத்து கிலோமீட்டர் ஓடும் அதுவே சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு. "இந்தத் தண்ணி எங்க போகுது?" என்று அம்மா கேட்டதற்கு விடையாக, மூன்றாம் முறை சென்றபோது, நடை முடிந்ததும் அவரைப் பீஷான் – அங் மோ கியோ பூங்காவுக்கு அழைத்துச் சென்றேன். அங்கே அதே ஆறு காங்கிரீட் கால்வாயாக இல்லாமல் புல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வளைந்து ஓடுகிறது. மகள் கரையில் அமர்ந்து கால் நனைத்தாள். காட்டையும் ஆற்றையும் ஒரே காலையில் இணைத்துக் காட்டும் இந்தத் திட்டத்தை, பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு இன்னும் அழுத்தமாகவே பரிந்துரைப்பேன்.

போய்த் திரும்ப மொத்தம் 1.8 கிலோமீட்டர்தான் என்றாலும், எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. வேகமாக நடப்பவர் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். அப்படி முடிப்பவருக்கு இந்தப் பாதை ஏமாற்றமாகவே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குச் சென்றபோது கூட்டமும் கைப்பேசிப் பாட்டும் அதிகமாக இருந்தன; சனிக்கிழமை ஏழரை மணிக்கு எதிரே வந்தவர்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். திரும்பும் வழியில் அப்பர் தாம்சன் சாலையில் பிராட்டா (பரோட்டா) கடைகள் உண்டு, குழந்தைக்கு வாக்களித்துவிட்டே நடையைத் தொடங்கலாம்.

இந்த 900 மீட்டரை எளிதாக முடித்தவர்கள் அடுத்து மெக்ரிட்சியின் கரையோரப் பலகைப் பாதைகளுக்குச் செல்லலாம். அங்கே மூன்று கிலோமீட்டரிலிருந்து பதினொரு கிலோமீட்டர் வரை நடைகள் உள்ளன. தொங்குபாலம் அதற்கும் அடுத்த படி. அம்மா சென்ற வாரம் ஊருக்குத் திரும்பினார். கேன்வாஸ் காலணியை மட்டும் எடுத்துச் செல்லவில்லை. ஜூன் விடுமுறைக்கு வரும்போது மெக்ரிட்சிக்கு வேண்டும் என்று, பாசியைத் துடைத்து, எங்கள் காலணி அடுக்கின் மேல்தட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.